ஸ்டீரிங் ஆடுகிறதா? சும்மா விடாதீர்கள்!

கார் ஓடுவதற்கு என்ஜின் வேண்டும். நிற்பதற்கு பிரேக் வேண்டும். போக வேண்டிய பக்கம் போவதற்கு ஸ்டீரிங் வேண்டும்.

என்ஜின் கெட்டால் கார் நின்றுவிடும். இறங்கித் தள்ளலாம். உயிருக்கு ஆபத்து இல்லை.

ஸ்டீரிங் கெட்டால் கார் நிற்காது. ஓடும்! எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் தெரியாது.

இவ்வளவு முக்கியமான ஸ்டீரிங் விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பழைய காரில் ஸ்டீரிங் லொடலொட என்று ஆடினால், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதிலும் அது பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அந்த ஆட்டத்தையே ஒரு அழகு என்று பேசுகிறவர்களும் உண்டு!

இது தவறு. பெரிய தவறு.

எந்தக் காரும் ஆடுகிற ஸ்டீரிங்கோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வரவில்லை. ஆட்டம் என்பது வயதின் அடையாளம் அல்ல. அது ஒரு நோய். நோய்க்குக் காரணம் உண்டு. காரணத்தைத் தேடினால் கிடைக்கும். கிடைத்தால் குணப்படுத்தலாம்.

எப்படி என்பதை ஒரு காரை வைத்துப் பார்ப்போம்.

விமானத்தின் பெயர்

இங்கிலாந்து நாட்டில் கவண்ட்ரி என்று ஒரு நகரம் இருக்கிறது. கார் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே டிரையம்ப் என்ற பெயரில் கார்கள் தயாராகி வந்தன.

1962-ம் ஆண்டு ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரலாம். மேல் கூரையை மடக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கப் போகலாம். மணிக்கு 90 மைல் வேகம் வரை பிடிக்கும். பெயர், ஸ்பிட்பயர். இரண்டாவது உலகப் போரில் இங்கிலாந்தைக் காப்பாற்றிய போர் விமானத்தின் பெயர் அது.

காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டுக்காரர். அவர் பெயர் ஜியோவான்னி மிச்செலாட்டி.

1962 முதல் 1980 வரை இந்தக் கார் தயாராயிற்று. மொத்தம் 3 லட்சத்து 14 ஆயிரத்துக்கு மேல்! விலை குறைவு என்பதால் வாலிபர்கள் ஆசையோடு வாங்கினார்கள். இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தக் கார்களைப் போற்றி வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் சொந்தம்

இந்தக் காருக்கும் சென்னைக்கும் ஒரு உறவு உண்டு.

டிரையம்ப் கம்பெனி அதற்கு முன்பே "ஹெரால்டு" என்ற காரைச் செய்து வந்தது. அந்த ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தை மாற்றி, நீளத்தைக் குறைத்து, அதன் மேல்தான் ஸ்பிட்பயரைக் கட்டினார்கள். முன்சக்கரங்களைத் தாங்குகிற அமைப்பும் ஸ்டீரிங்கும் ஹெரால்டில் இருந்து வந்தவைதான்.

அதே ஹெரால்டு கார் 1961-ம் ஆண்டு முதல் சென்னையில் தயாராயிற்று. "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்றால் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். அந்தக் காரை ரிப்பேர் பார்த்த நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு, ஸ்பிட்பயரின் முன்சக்கர வைத்தியமும் பாதி தெரியும் என்று சொல்லலாம். அண்ணனுக்குப் பார்த்த வைத்தியம் தம்பிக்கும் ஆகும் அல்லவா?

சட்டம் விட்டுவிட்டது!

பிரிட்டனில் 1960-ம் ஆண்டு ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. 10 வயது ஆன கார்களைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக், விளக்கு, ஸ்டீரிங் மூன்றையும் சோதித்துச் சர்டிபிகேட் கொடுப்பார்கள். "எம்.ஓ.டி. சோதனை" என்று பெயர். பிறகு அந்த 10 வயது 3 வயதாகக் குறைந்தது. சோதிக்கிற விஷயங்களும் பெருகின.

ஆரம்பத்திலேயே அந்த மூன்றில் ஒன்றாக ஸ்டீரிங் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் 2018-ம் ஆண்டு மே மாதம் முதல் ஒரு மாறுதல் வந்தது. 40 வயதைத் தாண்டிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காராக இருந்தால் போதும்.

கடைசி ஸ்பிட்பயர் 1980-ல் தயாராயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று எல்லா ஸ்பிட்பயரும் 40 வயதைத் தாண்டிவிட்டன!

சோதனை வேண்டாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆபத்தான காரை ரோட்டில் ஓட்டலாம் என்று அது சொல்லவில்லை. ஓட்டினால் குற்றம்தான். தண்டனை உண்டு. ஆனால், கார் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று யார் பார்த்துச் சொல்வது?

சொந்தக்காரர்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கை மாறும் குடம்

ஸ்டீரிங் எப்படி வேலை செய்கிறது? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டுகிறவர் கையில் வட்டமான ஸ்டீரிங் சக்கரம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு கீழே போகிறது. தண்டின் நடுவே ஒரு இணைப்பு இருக்கிறது. தண்டின் முனையில் சின்னப் பல் சக்கரம். அதற்குப் பினியன் என்று பெயர். அந்தப் பல் சக்கரம், பல் வெட்டிய ஒரு நீளக் கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. இந்தக் கம்பிக்கு ராக் என்று பெயர். ராக்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குண்டு மூட்டு. அதிலிருந்து டை ராட். டை ராட் முனையில் இன்னொரு குண்டு மூட்டு. அது முன்சக்கரத்தைத் திருப்புகிறது.

தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றில் இருந்து தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். குடம் ஒரு கையில் இருந்து அடுத்த கைக்கு மாறும். நடுவில் ஒருவர் சோம்பேறி என்றால் தண்ணீர் தாமதமாகும்.

ஸ்டீரிங்கும் அப்படித்தான். உங்கள் கை கொடுக்கிற கட்டளை ஒவ்வொரு மூட்டாகக் கை மாறிப் போகிறது. எந்த மூட்டு தேய்ந்திருக்கிறதோ அங்கே கட்டளை தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைத்தான் "ஆட்டம்" என்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம். ஸ்பிட்பயரில் ஸ்டீரிங் சக்கரத்தை ஒரு முனையில் இருந்து மறு முனைக்குத் திருப்ப ஏறக்குறைய 4 சுற்று சுற்ற வேண்டும். அதாவது, கை வெகு தூரம் சுற்றினால் ராக் கொஞ்ச தூரம்தான் நகரும். ஆகவே, கீழே ஒரு நூல் அளவு ஆட்டம் இருந்தால் மேலே கையில் அது சில அங்குலமாகத் தெரியும்!

"சக்கரம் இத்தனை அங்குலம் ஆடுகிறதே, பெரிய பழுதாக இருக்குமோ?" என்று பயப்பட வேண்டாம். பழுது ஒரு சின்ன ரப்பரில் இருக்கலாம்.

ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பை மெதுவாக அசைத்துப் பாருங்கள். முன்சக்கரம் அசையாமல், விளிம்பு மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் அசைந்தால் தேடத் தொடங்க வேண்டும்.

முதலில் டயர்

தேடுவதற்கு முன்பு, நோய் எது என்று தெரிய வேண்டும். தலைவலிக்காரருக்கு வயிற்று மருந்து கொடுக்கக்கூடாது.

ஸ்டீரிங் சக்கரம் சும்மா அசைகிறது, கார் திரும்பவில்லை என்றால், அது ஆட்டம். சக்கரத்தை நேராகப் பிடித்தாலும் கார் இங்கும் அங்கும் அலைகிறது என்றால், அது அலைச்சல். குறிப்பிட்ட வேகத்தில் கை நடுங்குகிறது என்றால், அது அதிர்ச்சி. அதற்கு டயர் சுழலும் சமநிலையைப் பார்க்க வேண்டும்.

அலைச்சலுக்குப் பல சமயம் டயரே காரணம். காற்று ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருக்கும். அல்லது டயர் வயதாகி வெடித்துப் போயிருக்கும். காற்றைச் சரிபார்க்கக் காசு ஆகாது. முதலில் அதைச் செய்யுங்கள்.

ஸ்பிட்பயரில் பின்பக்கமும் ஒரு திருடன் ஒளிந்திருப்பான்! பின்சக்கரங்களை முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் இருக்கின்றன. அவற்றின் முனையில் ரப்பர் புஷ் உண்டு. அது தேய்ந்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கார் அலையும். ஓட்டுகிறவர் முன்பக்கத்தைக் குறை சொல்வார்!

இரண்டு பேர் போதும்

இனி ஆட்டத்தைத் தேடுவோம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பேர் போதும். அப்பாவும் மகனும் செய்யலாம். கணவனும் மனைவியும் செய்யலாம்.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிடுங்கள். கை பிரேக்கைப் போடுங்கள்.

ஸ்பிட்பயரின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, முதலை வாய் திறப்பதுபோல் மேலே தூக்கிக்கொள்ளும். இவ்வளவு வசதி வேறு பல கார்களில் கிடையாது. எல்லா மூட்டும் கண்ணுக்குத் தெரியும்.

ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங் சக்கரத்தை இடம் வலம் இலேசாக அசைக்க வேண்டும். மற்றவர் வெளியே நின்று ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். விரலை மூட்டின் மேல் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூடத் தெரியும். விரல் நசுங்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்!

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மூட்டின் முன்பக்கம் அசைகிறது. பின்பக்கமும் உடனே அசைகிறதா?

அசையவில்லை என்றால், திருடன் அங்கேதான் இருக்கிறான்.

மேலே இருந்து வாருங்கள். தண்டின் இணைப்பில் உள்ள போல்ட் தளர்ந்திருக்கிறதா? இது மிகவும் ஆபத்தானது. தளர்ந்த போல்ட் ஒருநாள் கழன்றுவிடும். பிறகு ஸ்டீரிங் சக்கரம் உங்கள் கையில் வெறும் விளையாட்டுச் சாமான்தான். இணைப்பில் ரப்பர் இருந்தால் அது வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ராக். என்ஜினுக்கு முன்னால், கீழே குறுக்காகப் படுத்திருக்கும். அதை அடிச்சட்டத்தோடு இரண்டு வளைந்த போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. நடுவே ரப்பர் உண்டு. என்ஜின் எண்ணெய் சொட்டிச் சொட்டி அந்த ரப்பர் களிபோல் ஆகிவிடும். அப்போது ஸ்டீரிங்கைத் திருப்பினால், ராக்குக்கு உள்ளே இருக்கிற கம்பி நகர்வதற்கு முன்பு, ராக் முழுவதுமே பக்கவாட்டில் நகரும்! ஸ்பிட்பயரில் அடிக்கடி காணப்படும் பழுது இதுதான். ரப்பரை மாற்றினால் தீர்ந்தது.

கடைசியில் குண்டு மூட்டுகள். டை ராட்டின் வெளிமுனை மூட்டு வெளியே தெரியும். உள்முனை மூட்டு, மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் இருக்கும். உறையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங்கை அசைக்கச் சொன்னால், "டக்" என்ற ஆட்டம் கைக்குத் தெரியும்.

உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உறையின் விலை குறைவு. கிழிந்த உறை வழியாக மண்ணும் தண்ணீரும் போனால் ராக்கே போய்விடும். ராக்கின் விலை அதிகம்.

சக்கரத்தைத் தூக்குங்கள்

அடுத்த சோதனைக்கு முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைத்து வேலை செய்வது தற்கொலைக்குச் சமம்.

சக்கரத்தின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை வைத்து ஆட்டுங்கள். ஆடினால், சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது சக்கரத்தைத் தாங்குகிற மூட்டு தேய்ந்திருக்கலாம். இரண்டில் எது?

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரமும் அதன் தாங்கியும் ஒன்றாக இறுகிக்கொள்ளும். அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றவாளி பேரிங். ஆட்டம் மறையவில்லை என்றால் குற்றவாளி மூட்டு. எவ்வளவு எளிது பாருங்கள்!

பிறகு இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் ஒரு கை வைத்து ஆட்டுங்கள். இந்தத் திசையில் மட்டும் ஆடினால், டை ராட் மூட்டைச் சந்தேகப்படலாம்.

பேரிங்கை இறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. நட்டை இலேசாக இறுக்கி, பிறகு ஒரு முகம் அளவு தளர்த்திவிட வேண்டும். மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஒட்ட இறுக்கினால் சூடேறிப் பேரிங் பிடித்துக்கொள்ளும். நட்டுக்குப் புதிய பின் போடாமல் சக்கரத்தை மாட்டக்கூடாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அந்தச் சின்னப் பின்தான் இந்தக் காரின் அச்சாணி.

ஆடாமலே உடையும்!

இப்போது சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஸ்பிட்பயரிலும் ஹெரால்டிலும் முன்சக்கரத்தின் கீழ் மூட்டு வித்தியாசமானது. பித்தளை நிறத்தில் ஒரு உலோகக் கட்டி. அதற்குள் மரை வெட்டியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூணின் அடிமுனையிலும் மரை உண்டு. தூண் அந்தக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது தூண் மரையிலேயே சுழலும். இந்தக் கட்டிக்கு டிரன்னியன் என்று பெயர்.

இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஆனால் பலர் கிரீஸ் அடித்தார்கள். மற்ற மூட்டுகளுக்கு எல்லாம் கிரீஸ், இதற்கு மட்டும் என்ன எண்ணெய் என்று நினைத்தார்கள். கிரீஸ் கெட்டியானது. மரையின் இடுக்கு முழுவதும் போய்ச் சேராது. நாள்பட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய் இல்லாத இடத்தில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் தேங்கினால் எஃகு துருப்பிடிக்கும். துரு, தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒருநாள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது தூண் முறியும். சக்கரம் மடங்கிக் காருக்கு அடியில் போகும்!

வாசல் முன்பு காரைத் திருப்பும்போது முறிந்தால் தப்பித்தோம். நெடுஞ்சாலையில் முறிந்தால்?

இந்த ஆபத்து ஆட்டமாகத் தெரிய வேண்டும் என்பது இல்லை. ஸ்டீரிங் கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஆகவே, பழைய ஸ்பிட்பயரை வாங்குகிறவர்கள் டிரன்னியனைக் கழற்றி, மரையைக் கண்ணால் பார்க்க வேண்டும். துரு இருந்தால் தூணையும் மாற்ற வேண்டும். இடப்பக்கத்து மரை ஒரு மாதிரி, வலப்பக்கத்து மரை எதிர் மாதிரி. மாற்றி மாட்டிவிடக்கூடாது.

கிரீஸே போதும் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. எண்ணெய் விடுவதற்குச் சில நிமிஷம்தான் ஆகும். அந்தச் சில நிமிஷத்தை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறோம்?

திருகாதே!

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

ராக்கில் ஒரு திருகு மூடி இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங், ராக்கைப் பல் சக்கரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைக் குறைத்தால் அழுத்தம் கூடும். பல்லில் உள்ள ஆட்டம் குறையும்.

ஆட்டம் என்று சொன்னவுடன் சிலர் நேராக இங்கேதான் போவார்கள். ஒரு தகட்டை எடுப்பார்கள். இறுக்குவார்கள். "சரியாகிவிட்டது, போங்கள்" என்பார்கள். காரை விற்க நினைக்கிறவர்களுக்கும் இது வசதி. அன்றைக்கு மட்டும் ஆட்டம் தெரியாது.

இதில் என்ன ஆபத்து?

கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. ஆகவே, ராக்கின் நடுப்பற்கள்தான் தேயும். ஓரப்பற்கள் அவ்வளவு தேயாது. நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை இறுக்கினால், ஓரத்துக்கு வரும்போது அளவுக்கு மீறி இறுகிவிடும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. பிடித்துக்கொள்ளும்.

ஆட்டம் உள்ள ஸ்டீரிங் கெட்டது. பிடித்துக்கொள்கிற ஸ்டீரிங் அதைவிடக் கெட்டது!

ரப்பரிலோ, டை ராட் மூட்டிலோ உள்ள பழுதை ராக்கை இறுக்கிச் சரிசெய்ய முடியாது என்பது இன்னொரு விஷயம். கூரை ஒழுகினால் தரையைப் பூசி என்ன பயன்?

அதனால் என் கருத்து இதுதான்: ராக்கின் மூடியைக் கடைசியில் தொடுங்கள். மற்ற மூட்டுகளை எல்லாம் பார்த்து முடித்த பிறகு தொடுங்கள். தொட்ட பிறகு, இரண்டு முன்சக்கரமும் தரையைத் தொடாத நிலையில், ஸ்டீரிங்கை இந்த முனையில் இருந்து அந்த முனைவரை சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுக்கம் தெரிந்தால் தகட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். நடுவில் ஆட்டமும் ஓரத்தில் இறுக்கமும் இருந்தால் ராக் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வேறு ராக் போட வேண்டியதுதான். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்லாவற்றையும் மாற்றலாமா?

இன்னொரு வகைக்காரர்களும் உண்டு. இவர்களுக்குப் பணம் இருக்கிறது. பொறுமை இல்லை. ஆட்டம் என்றால் ராக், டை ராட், பேரிங் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவார்கள்.

இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் மாற்றினால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. மறுபடியும் ஆட்டம் வந்தால் எங்கே தேடுவது? நல்ல பழைய சாமானைத் தூக்கி எறிந்துவிட்டு, மட்டமான புதுச் சாமானைப் போட்டுக்கொள்கிற ஆபத்தும் உண்டு.

ஸ்பிட்பயருக்கு வேண்டிய சாமான்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே, ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒன்றை மாற்றுங்கள். ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்தது. விலை குறைந்த ரப்பரிலும் போல்ட்டிலும் தொடங்கி, விலை உயர்ந்த ராக்கில் முடியுங்கள். பலருக்கு ராக் வரைக்கும் போக வேண்டிய அவசியமே வராது.

ரப்பருக்குப் பதிலாக அலுமினியக் கட்டி வைத்து ராக்கை அசையாமல் பிடிக்கிறவர்கள் உண்டு. ஸ்டீரிங் கத்திபோல் கூர்மையாகிவிடும். ஆனால் ரோட்டின் மேடு பள்ளம் எல்லாம் கைக்கு வந்து சேரும். பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது சரி. குடும்பத்தோடு போகிறவருக்கு நல்ல ரப்பரே போதும்.

டை ராட் மூட்டை மாற்றும்போது, பழைய மூட்டு எத்தனை சுற்றில் கழன்று வந்தது என்று எண்ணி வையுங்கள். புதியதை அத்தனை சுற்று திருகி மாட்டுங்கள். பிறகு, சக்கரங்களின் நேரைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேர் தவறினால் டயர் சீக்கிரம் தேயும். கார் மறுபடியும் அலையும்.

அன்பு போதுமா?

சோதனையில் இருந்து பழைய கார்களை விலக்கியது சரிதான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

"பழைய கார் வைத்திருக்கிறவர் அதைக் குழந்தைபோல் பார்த்துக்கொள்கிறார். வருஷத்தில் கொஞ்ச தூரம்தான் ஓட்டுகிறார். தினசரி ஓடுகிற காருக்கு உள்ள தேய்மானம் இதற்கு இல்லை" என்கிறார்கள்.

அன்பு இருக்கிறது. அதை மறுக்கவில்லை. வாரம் தவறாமல் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். ஆனால் துடைக்கிற கைக்கு டிரன்னியனுக்கு உள்ளே இருக்கிற துரு தெரியாது. குழந்தைக்குப் பவுடர் பூசிவிட்டால் காய்ச்சல் போய்விடுமா?

கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது என்பதும் நல்ல வாதம் அல்ல. ஓடுகிற காரில் மூட்டு தேயும். நிற்கிற காரிலும் கேடு உண்டு. ரப்பர் காய்ந்து வெடிக்கும். மரையில் தண்ணீர் தேங்கும். பட்டன் தேயாத டயர்கூட வயதாகிக் கெட்டுப்போகும். புழங்காத வீட்டைக் கறையான் தின்பதுபோல!

ரோட்டில் போவது சொந்தக்காரர் மட்டும் அல்ல. எதிரே ஒருவர் வருகிறார். ஓரத்தில் பள்ளிக்கூடம் போகிற குழந்தை நடக்கிறது. அவர்கள் உங்கள் காரின் அழகைப் பார்த்துக் கை தட்டுவார்கள். உங்கள் ஸ்டீரிங் ஆடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

சட்டம் கூப்பிடவில்லை என்றாலும், பிரிட்டனில் பழைய காரை விருப்பப்பட்டு எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோகலாம். தடை இல்லை. பழைய கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. வேறு ஒருவர் கண் பார்ப்பது நல்லது. தன் பிள்ளையின் குறை தாய்க்குத் தெரியாது அல்லவா?

அது இல்லாத ஊரில் இருக்கிறவர்கள், மேலே சொன்ன சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டு பேர். ஒரு மணி நேரம். ஸ்பிட்பயர் வைத்திருக்கிறவர்தான் செய்ய வேண்டும் என்பது இல்லை. ராக்குக்குப் பதிலாக வேறு அமைப்பு உள்ள பழைய கார்களிலும் வழி அதுதான். ஒரு மூட்டு அசைகிறது, அடுத்தது அசைகிறதா? இந்த ஒரு கேள்வி போதும்.

விலை பேசும்போது

ஆசைப்பட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிற வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை.

காரைப் பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். என்ஜின் சத்தத்தில் மயங்காதீர்கள். முதலில் உள்ளே உட்கார்ந்து, நின்ற காரில் ஸ்டீரிங்கை அசைத்துப் பாருங்கள். கூட ஒருவரை அழைத்துப்போய் மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்கிறவர், "பழைய வண்டி, கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும்" என்று சொன்னால், "எந்த மூட்டில்?" என்று கேளுங்கள்.

பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கலாம். பதில் தெரியாதவரிடம் வாங்கினால், தேடுகிற வேலை உங்களுடையது. தேடி முடிக்கும்வரை காரை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள்!